கூட்டம் பார்க்காத குத்து

போன மாதம் மாமல்லபுரத்தில் புதிய குத்துச்சண்டை நடுவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வயது கடந்துவிட்டதால் நடுவர் பட்டியலிலிருந்தும் கழிக்கப்பட்டவள் நான். இருந்தாலும் ‘வாக்ஓவர்’ பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எதிராளி வராமலே ஒருவருக்குக் கிடைக்கும் வெற்றிதான் வாக்ஓவர்.

இதற்குப் போய் ஒரு வகுப்பா என்று தோன்றும். ஆனால் முறை இருக்கிறது. வந்திருக்கும் வீராங்கனை கிளவுஸ், தலைக்கவசம், பல் காப்பு எல்லாம் போட்டுக்கொண்டு ரிங்குக்குள் ஏற வேண்டும். வராதவரின் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள். மணி அடிப்பார்கள். குறித்த நேரம் வரை நடுவரும் அந்தப் பெண்ணும் காலி மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அவளை நடுவுக்கு அழைத்துக் கையைத் தூக்கிவிட வேண்டும். அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். கூட்டம் சிரிக்கும். அவளைப் பார்த்துச் சிரிக்காமல் நிற்பதும் நடுவரின் வேலைதான் என்று சொல்லிக்கொடுத்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே நடுவர் தேர்வுக்குப் படிக்கிறவள்.

“மேடம், புதுப்பட்டினம் செல்வி வாங்கின மெடல்ல பாதி வாக்ஓவர்தான்னு சொல்றாங்களே. அவங்க நிஜமாவே பெரிய சாம்பியனா? இல்ல, அந்த ஹெவிவெயிட்ல ஆளே இல்லாததால ஜெயிச்சாங்களா?”

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு ஊரே ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலை மைக் வைத்து ஊருக்குச் சொன்னவள் நான்தான்.

என் சொந்த ஊர் கருங்குழி. உடற்கல்வி ஆசிரியையாக முதல் வேலை வேலூர்ப் பக்கம் கிடைத்தது. அங்கே மாவட்டச் சங்கத்தில் பெண் நடுவர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளியிலிருந்து ரெண்டு நாள் வெளியே போகலாமே என்றுதான் முதலில் போனேன். விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். கால்சட்டை போட்டுக்கொண்டு ஆம்பளைகள் கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டு, அது ஒரு வருஷத்தில் போய், நடுவர் ஆனேன். படித்ததெல்லாம் அவ்வளவுதான். தொழில் என்று ஏதாவது எனக்குத் தெரியும் என்றால் அது பரமசிவம் சார் கொடுத்தது.

மாநிலப் போட்டிகளில் அவர்தான் தலைமை நடுவர். ஒல்லியான மனிதர். கத்தி மாதிரி மடிப்பு வைத்த வெள்ளைப் பேன்ட். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ரிங்கைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கயிற்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கிளவுஸை எடுத்து முகர்ந்து பார்ப்பார். எங்கள் விரல் நகங்களைக்கூடப் பார்ப்பார். புதியவர்களை ரிங்கின் ஓரத்தில் உட்காரவைத்து, கண் மட்டத்தில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடிப்பார். மோதுகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

“மூஞ்சியப் பாத்தா ஏமாந்துடுவீங்க. கையப் பாத்தா அதைவிட ஏமாந்துடுவீங்க. காலப் பாருங்கம்மா. அடி அங்கேருந்துதான் கிளம்புது.”

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். “ரிங்குல பாத்தத கீழ எறங்கிப் பேசக்கூடாது. ஜெயிச்சவ கையத் தூக்கிட்டா நம்ம வேலை முடிஞ்சுது.”

செல்வியை நான் முதலில் பார்த்தது எடை பார்க்கும் அறையில். போட்டி நாள் காலையில் ஒவ்வொருவரையும் உள்ளாடையோடு தராசில் ஏற்றி எடை பார்ப்போம். உள்ளே பெண்கள் மட்டும்தான். ஆனால் எடையைக் குறித்துக்கொள்ளும் ஆள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெளியே கோச்சுகள், பையன்கள் என்று கும்பல் நிற்கும்.

பெரிய பெண். உயரமும் அகலமும். பள்ளி முடித்த வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். தராசில் ஏறிவிட்டு என் பக்கம் குனிந்து, “மேடம், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. வெளிய எங்க ஊர் பசங்க நின்னுகினு கீறாங்க” என்றாள்.

விதி விதிதானே. சத்தமாகத்தான் சொன்னேன். வெளியே ஒரு விசில். பிறகு சிரிப்பு. அவள் சேலையைப் போர்த்துவது போலத் துண்டைத் தோளில் இழுத்துக்கொண்டு தராசிலிருந்து இறங்கினாள். பரமசிவம் சாரின் காதுக்கு இது எப்படியோ போயிருக்கிறது. அடுத்த போட்டியில் எடை குறிக்கும் நாற்காலி அறைக்குள் இருந்தது, அதில் ஒரு பெண் இருந்தாள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அவருக்குத் தோன்றியது.

அடுத்த சில வருஷங்கள் அவள்தான் மாநில சாம்பியன். ஒரு முறை தேசியத் தங்கமும் வாங்கினாள். ஆனால் யாரும் அவளைக் கொண்டாடவில்லை. மற்ற எடைகளில் இருபது பேர் வந்தால் ஹெவிவெயிட்டில் மூன்று பேர், நான்கு பேர் வருவார்கள். அதிலும் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பரீட்சை. அவள் காலி மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, நானே பல முறை அவள் கையைத் தூக்கியிருக்கிறேன். “காத்தைக் குத்தி ஜெயிச்சுட்டா” என்பார்கள். “ரோடு ரோலர்” என்பார்கள். யாராவது வந்து மோதினாலும் அவளுடைய ஆட்டம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. குதிக்க மாட்டாள், பாய மாட்டாள். பாதம் தரையை விட்டு எழும்பாமல் நகர்வாள். எதிராளியின் குத்து மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்றுபோகும். அது எதிராளியின் தவறு என்று கூட்டம் நினைக்கும். ஒரு விரல் பின்னால் போனவள் இவள் என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் மாநிலப் போட்டி செங்கல்பட்டில் நடந்தது. செல்வியின் அம்மா முதல் முறையாகப் பார்க்க வந்தார். மார்க்கெட் பெண்கள் சிலரும் ஒரு வேனில் கூடவே வந்திருந்தார்கள். ‘ரோடு ரோலர்’ என்று பின்னாலிருந்து சத்தம் வந்தபோதெல்லாம் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

இறுதிப் போட்டிக்கு எதிராளி வந்திருந்தாள். தூத்துக்குடி ஜெபமணி. உயரமானவள், நீளக் கை. நடுவராக என்னைப் போட்டார் பரமசிவம் சார். நான் வேலூர் மாவட்ட நடுவர், அதனால் விதிப்படி தடையில்லை. ஆனால் நான் கருங்குழிக்காரி, செல்வியின் மாவட்டத்தில் பிறந்தவள் என்பது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ரிங்குக்குள் ஏறும்போதே தூத்துக்குடிக்காரர்கள் பக்கமிருந்து, “அவங்க ஊர் ரெஃப்ரியா? அப்ப முடிஞ்சுது” என்று ஒரு குரல் கேட்டது. அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மணி அடித்தது. ஜெபமணி நன்றாகவே ஆடினாள். நீளக் கையால் எட்டிக் குத்தினாள், கூட்டம் அவளுக்குக் கை தட்டியது. செல்வி வாங்கிக்கொள்வது போல இருந்தது. உண்மையில் எதுவும் அவள் மேல் சரியாகப் படவில்லை. நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவளுடைய முன்கால் அரை அடி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜெபமணிக்கு அது தெரியவில்லை.

பிறகு அது நடந்தது. செல்வி இடது கையை முகத்துக்குக் காட்டினாள். அடிக்கவில்லை, காட்டினாள். ஜெபமணியின் இரண்டு கைகளும் மேலே போயின. அதே இடது கை கீழே வளைந்து, வலது விலா முடியும் இடத்தில், கல்லீரலின் மேல் இறங்கியது. சத்தம்கூட வரவில்லை. நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். செல்வியின் இடது குதிகால் வெளியே திரும்பியதையும் இடுப்பு கூடவே திரும்பியதையும் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அப்படியொரு குத்தை நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் விழும் குத்துக்கு ஒரு குணம் உண்டு. உடனே வலிக்காது. ஜெபமணி இரண்டு எட்டு பின்னால் நடந்தாள். இன்னொரு குத்துக்கூட வீசினாள். அப்புறம்தான் அவள் முகம் வெளுத்தது. யாரும் தொடாமலே மெல்ல மடங்கி ஒரு முழங்காலில் உட்கார்ந்தாள்.

செல்வியைத் தூர மூலைக்கு அனுப்பிவிட்டு எண்ணினேன். ஒவ்வொரு விரலாகக் காட்டி எட்டு வரை. ஜெபமணி எழுந்து நின்றாள். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கவில்லை. என்னை நோக்கி நடக்கச் சொன்னேன், நடக்கவில்லை. கண்ணில் நீர், வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. போட்டியை நிறுத்தினேன்.

அரங்கம் கத்தியது. அவர்கள் பார்த்தது வேறு. ஒருத்தி நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள், திடீரென்று உட்கார்ந்தாள், உள்ளூர் நடுவர் உள்ளூர்ப் பெண்ணின் கையைத் தூக்கினாள். காகிதக் கப்புகள் ரிங்குக்குள் விழுந்தன. நான் கீழே இறங்கியதும் உள்ளூர் கேபிள் டி.வி.க்காரர் மைக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அது அரங்கத்து ஸ்பீக்கரோடு இணைத்த மைக்.

“மேடம், அடியே படல. எதுக்கு மேட்ச்ச நிறுத்தினீங்க?”

பட்டது என்று சொல்லியிருக்கலாம். எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று அந்த அரங்கத்தில் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குறைந்தபட்சம் பரமசிவம் சார் கற்றுக்கொடுத்தபடி பேசாமலாவது போயிருக்கலாம். ஆனால் ‘அவங்க ஊர் ரெஃப்ரி’ என்ற சொல் காதிலேயே இருந்தது. செல்வியைப் புகழ்ந்தால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன்.

“அந்தப் பொண்ணுக்குக் காலையிலேந்தே உடம்பு சரியில்ல போல இருக்கு” என்றேன்.

ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. கூட்டம் அடங்கியது. அதுதானே பார்த்தோம் என்ற அடக்கம். ஜெபமணியின் கோச் பலமாகத் தலையாட்டினார், அவருக்கும் அது வசதியாக இருந்தது. ஜெபமணி மருத்துவ அறையில் படுத்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. ரிங்கின் ஓரத்தில் கிளவுஸைக் கழற்றக் கையை நீட்டிக்கொண்டு நின்ற செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவள் அம்மா கூட வந்தவர்களை எழுப்பிக்கொண்டு, பதக்கம் கொடுக்கும் வரைகூட இராமல், தலையைக் குனிந்தபடி வேனுக்குப் போய்விட்டார். மகள் தங்கம் வாங்கிய நாள் அது.

வெளியே டீக்கடையில் பரமசிவம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“நீ பாத்தத சொல்லலம்மா. கூட்டம் பாத்தத சொல்லிட்ட.”

அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்தடுத்த போட்டிகளிலும் எனக்கு இறுதிப் போட்டிகள் கொடுத்தார். நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

செல்வி தேசிய முகாமுக்குப் போகவில்லை. கூப்பிட்டும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆனது, கணவரோடு சேர்ந்து படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் வியாபாரம் நடத்துகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். கல்பாக்கம் பஸ்ஸில் புதுப்பட்டினத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். இறங்கியதில்லை. ஒரு முறை மார்க்கெட் அருகே பஸ் நின்றபோது, அவள் ஏறிவிடுவாளோ என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதெல்லாம் மனசில் ஓட, வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நாற்பதை நெருங்குகிறவள், சதை போட்ட உடம்பு. பிள்ளைகளுக்குக் கோச்சாக இருப்பவள், நடுவர் தேர்வு எழுத வந்திருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

“மேடம், இதுக்கு நான் பதில் சொல்லட்டுமா? நான்தான் தூத்துக்குடி ஜெபமணி.”

எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலையை ஆட்டினேன்.

“அந்தக்காளுக்கு ஏன் ஆள் வரலைன்னு கேக்கீகள்லா? வந்த லிஸ்ட்ல அவ பேரு இருந்தா எங்க கோச்சுமாரு எங்கள எடையக் குறைக்கச் சொல்லிருவாங்க. கீழ உள்ள எடைக்குப் போயிரு, இவகிட்ட மாட்டாதன்னு. நானே ஒரு வருசம் பட்டினி கெடந்து எறங்குனேன். எறங்க முடியாதவளுக்குத்தான் காய்ச்சல், பரீட்ச எல்லாம். பயந்து வராம இருந்தோம். அதத்தான் ஆளே இல்லைன்னு சொல்லுதாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட பெண், “அப்ப செங்கல்பட்டு ஃபைனல்? உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சாமே?” என்றாள்.

“எவ சொன்னா? எனக்கு ஒண்ணுமே இல்ல. காலையில எட்டு இட்லி தின்னுட்டுல்ல வந்தேன்.”

ஜெபமணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் சொன்னேன்” என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும் வகுப்புக்குச் சொன்னேன். ஜெபமணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, “அந்தக்கா வீடு இங்கிட்டுப் பக்கந்தானாமே. கூட்டிட்டுப் போறீகளா?” என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் பஸ் பிடித்து இருவரும் போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம். வாசலில் இரண்டு லோடு ஆட்டோ. செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்புக் கம்பியால் ஐஸ் பாரைக் குத்திப் பிளந்து மிஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

“இன்னா மேடம், அதிசயமா இந்தப் பக்கம்? உக்காருங்க. ஈரமா கீது, பாத்து.” சந்தோஷமாகவே சொன்னாள். கோபத்தின் சுவடே இல்லை. எனக்கு அது புரியவில்லை.

ஜெபமணி யார் என்று சொன்னேன். செல்விக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. “ஐயோ, நீயா! இன்னாமா குண்டாயிட்ட? ஒடம்பு எப்டி கீது இப்போ?”

“இப்பவா?”

“அன்னிக்கு ஜொரத்தோட வந்து ஆடுனியே. பாவமா இருந்துச்சி எனக்கு. எங்க பொண்ணு என் மெடல எடுத்துப் பாத்து கேக்கும்போதெல்லாம் சொல்லுவேன், அந்த அக்காவுக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்லடி, இல்லன்னா அம்மாவ ஒரு வழி பண்ணியிருப்பாங்கன்னு.”

ஜெபமணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“எனக்கு ஜொரம் இல்லக்கா. நல்லாத்தான் இருந்தேன். நீ அடிச்சதுலதான் விழுந்தேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் சாஞ்சு படுக்க முடியல.”

செல்வி சிரித்தாள். யாரோ மரியாதைக்குச் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. “நெஜமாவா?” என்றாள். “எங்க பட்டுது?”

ஜெபமணி வலது விலாவின் கீழே கை வைத்துக் காட்டினாள். செல்வி கிட்டே வந்து, ஐஸ் பிடித்துச் சிவந்திருந்த தன் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மேடம், நீங்க தானே மைக்ல சொன்னீங்க, அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு? ரெஃப்ரி சொல்றாங்கன்னா கரெக்டா தான் இருக்கும்னு நெனச்சிகினேன். அதுக்கு முன்னாடி ஜெயிச்சதெல்லாம் கூட அப்டித்தான் போலன்னு தோணிடுச்சி. எங்கம்மாவும் அதையே சொல்லிச்சி, எதுக்குடி இந்தப் பொழப்புன்னு. கேம்ப்புக்குக் கூப்டாங்க. எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?”

அன்று அவள் என்னைப் பார்த்தது கோபத்தோடு அல்ல. நான் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டுதான் பார்த்திருக்கிறாள். “நான் பொய் சொன்னேன் செல்வி. எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். கூட்டத்துக்குப் பயந்து சொன்னேன்” என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“நீங்க கிட்ட நின்னுகினு இருந்தீங்க இல்ல? எப்டி அடிச்சேன்? சொல்லுங்க.”

சொன்னேன். முன்கால் அரை அடி அரை அடியாக உள்ளே வந்ததை. இடது கையை முகத்துக்குக் காட்டியதை. ஜெபமணியின் கைகள் மேலே போனதை. அதே கை வளைந்து கீழே போனதை, குதிகால் திரும்பியதை, இடுப்பு திரும்பியதை. சத்தமே வராததை. நான் பார்த்த குத்துகளில் அதுதான் பெரியது என்பதை. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பவள் போல வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டாள். வெளியே லோடு ஆட்டோக்காரர், “யக்கா, படகு காத்துகினு கீது” என்று குரல் கொடுத்தார். அவள் திரும்பவில்லை.

“இன்னொரு தபா சொல்லுங்க மேடம்” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பாதி உடைந்து கிடந்த ஐஸ் பாரைப் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.